அறுபத்திரண்டு

“வயசைக் குறைச்சுச் சொல்றதுல சினிமாக்காரங்களையே தோக்கடிச்சிடுவீங்க போலிருக்கே, பெரியவரே. அறுபத்திரண்டா?” என்றாள் நர்ஸ். அவளுக்கே ஐம்பது தாண்டியிருந்தது.

எதிரே நாற்காலியில் இருந்த பெயின்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமா சிஸ்டர். அறுபத்திரண்டு.”

மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழக்கி வைத்த எண் அது. சொல்லும்போது குரல் நடுங்கிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. நடுங்கிவிட்டது.

காப்பகத்தின் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எடை மெஷின், சுவரோரம் ஒரு பெஞ்சு. சுவரில் ஒட்டியிருந்த தாளில் விதி தெளிவாக இருந்தது. வீடில்லாதவர்களில் அறுபதிலிருந்து எழுபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு மாடியில் படுக்கை. எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வேனில் ஏற வேண்டும். வேன் ஊருக்கு வெளியே இருக்கும் இல்லத்துக்குப் போகும்.

அந்த இல்லத்தைப் பற்றிப் பெயின்டருக்குத் தெரியும். அவரோடு மார்க்கெட் கூரைக்கடியில் படுத்திருந்தவர்களில் நாலு பேரைப் போன வருஷம் அங்கே கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது ஒருவருடைய செருப்பு மட்டும்தான். அதையும் வேன் டிரைவர் போட்டுக்கொண்டு வந்தான்.

மார்க்கெட்டிலேயே கிடக்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டுவிட்டது. முந்தாநாள் காலையில் பக்கத்தில் படுத்திருந்தவரைத் தட்டி எழுப்பினார். ஆள் விறைத்துக் கிடந்தார். கடைசியாக அவருக்கு வந்த அதே இருமல் இப்போது பெயின்டரின் நெஞ்சில் இருந்தது.

“எழுதிக்குங்க சிஸ்டர். அண்ணன் பொய் சொல்ற ஆள் இல்லை” என்றார் பெஞ்சில் இருந்த குடை ரிப்பேர்க்காரர். அவருக்கு நேற்றுத்தான் மாடியில் இடம் கிடைத்தது. துணைக்கு வந்திருந்தார்.

“உங்களுக்கு என்ன வயசு எழுதினேன்?”

“அறுபத்தெட்டு.”

“அறுபத்தெட்டுக்கு அண்ணன், அறுபத்திரண்டா?”

குடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அது ஒரு மரியாதைக்குச் சொல்றது சிஸ்டர்.”

“உங்க மரியாதை அவரை வேன்ல ஏத்திடும். கொஞ்சம் சும்மா இருங்க.” பெயின்டர் பக்கம் திரும்பினாள். “மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க. சாவி, ஜன்னல், குதிரை. அப்புறமா கேப்பேன். இப்ப கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க.”

இரண்டாவது தடவையே முட்டி ‘கடக்’ என்றது. மூன்றாவதில் கட்டிய கை தானாக அவிழ்ந்து மேஜையைப் பிடித்தது. அவள் எழுதிக்கொண்டாள்.

கண்ணில் டார்ச் அடித்தாள். “ரெண்டுலயும் புரை.” காலைக் காட்டச் சொன்னாள். கட்டைவிரல் கறுத்திருந்தது. பேனாவின் பின்பக்கத்தால் குத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்லவே இல்லைங்க” என்றார் கொஞ்சம் பெருமையாக.

“வலிக்கலைன்னாத்தான் பயப்படணும். ஒண்ணுக்கு?”

“சில நேரம்... எந்திரிக்கறதுக்குள்ள...”

குடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, அந்த மூணு வார்த்தை?”

“சாவி” என்றார் பெயின்டர். “ஜன்னல்.” அதோடு நின்றுவிட்டது. எழுதின போர்டை யாரோ துணியால் துடைத்த மாதிரி மூன்றாவது இடம் வெறிச்சென்று கிடந்தது. தேடித் தேடிப் பார்த்தார். கை கால் போகும் என்று தெரியும். இதுவும் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாது.

“பெரியவரே, நீங்க என்ன சொன்னாலும் உடம்பு எழுபத்தெட்டு சொல்லுது. அதைத்தான் எழுத முடியும்.”

“அறுபத்திரண்டு சிஸ்டர்.”

“அடையாள அட்டை இருந்தா காட்டுங்க. நான் ஏன் உங்களோட மல்லுக்கட்டப் போறேன்?”

“மழையில போயிடுச்சு.”

அவள் தாளில் எழுபத்தெட்டு என்று எழுதினாள். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “டிரைவர், ஒருத்தர் இருக்காரு.”

டிரைவர் வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அக்குளில் கை கொடுத்து, சாமான் தூக்குகிற மாதிரி தூக்கினான். பெயின்டரின் கால்கள் தரையில் இழுபட்டன. வெளியே வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னல் இல்லை.

எது போனாலும் போகட்டும், இது மட்டும் வேண்டாம்.

“விடுப்பா. விடு. அட்டை இருக்கு சிஸ்டர், இருக்கு.”

“வெச்சுக்கிட்டேவா இந்தப் பாடு படறீங்க?” என்று குடைக்காரர் எரிந்து விழுந்தார். “காட்டித் தொலைக்கறதுதானே அண்ணே.”

இடுப்பு மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார் பெயின்டர். அது கை நழுவித் தரையில் விழுந்தது. டிரைவர்தான் எடுத்துக் கொடுத்தான்.

நர்ஸ் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். போட்டோவையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, கையை எடு என்று டிரைவருக்குச் சைகை காட்டிவிட்டு, எழுபத்தெட்டை அடித்தாள்.

“அப்பாடா” என்றார் குடைக்காரர். “என் பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்கு, சிஸ்டர்.”

அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளால் பெயின்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“மாடியில இடம் கேக்க உங்களுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கு, தம்பி.”