எண்பதில் எடுத்த போன்

சார்ஜ் எண்பதைத் தொட்டதும் நப்லான் சார்ஜரைக் கழற்றினான்.

போன் அவனுடையது அல்ல, வீடும் அவனுடையது அல்ல. இரண்டும் தில்லையம்பலம் சேருடையவை. சேர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இதயக் குழாயில் அடைப்பு. வியாழன் காலையில் கம்பி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

போனை மட்டும் பல்லேபொல வீட்டிலேயே விட்டுப் போனார். காரணம், லண்டனில் இருக்கும் மகள் சிவதர்ஷினி.

அப்பாவின் போன் எங்கே இருக்கிறது, அதில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதெல்லாம் அவளுடைய போனில் தெரியும். தாய் இறந்த வருடம் அந்த வசதியைப் போட்டுக் கொடுத்ததே நப்லான்தான். சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனும் மகளும் முகம் பார்த்துப் பேசுவார்கள். மற்ற நாட்களில் அவள் அந்தச் சார்ஜ் எண்ணைத்தான் பார்ப்பாள். ஏறியும் இறங்கியும் இருந்தால் அப்பா வீட்டில் நடமாடுகிறார் என்று அர்த்தம்.

இப்போது அவளுக்கு ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமை வந்துடுவேன் தம்பி. அதுவரைக்கும் இதைச் சாக விட்டுடாதீங்க. அவ பயந்துடக் கூடாது," என்று சொல்லித்தான் சேர் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

முதல் நாளே நப்லான் போனின் பற்றரி எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்தான். புதிதில் பிடித்த சார்ஜில் எழுபத்தொரு வீதம்தான் இப்போது பிடிக்கிறது. வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. சேரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "அது என்னைவிட நல்லாத்தான் இருக்கு," என்று சிரிப்பார்.

கையில் கிடைத்த இந்த நாலு நாளாவது அதை ஒழுங்காகப் பார்ப்போம் என்று நினைத்தான்.

விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு நேரே இங்கே வருவான். தடித்த உறையைக் கழற்றி, வெயில் படாத மேசையில் வைத்து, சார்ஜில் போடுவான். காத்திருக்கும் நேரத்தில் முற்றத்தில் விழுந்து கிடக்கும் சாதிக்காய்களைப் பொறுக்கிக் கூடையில் போடுவான். முழுக்க ஏற்றினால் பற்றரி தேயும் என்பதால் எண்பதானதும் கழற்றி, சார்ஜ் இறங்குவதற்காக சேர் கேட்கும் வானொலியைப் போனில் மெதுவாக ஓட விட்டுக் கடைக்குப் போவான். பின்னேரம் வந்து, முப்பதுக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்வான்.

வியாழன் மத்தியானம் சேர் பக்கத்துக் கட்டில்காரரின் போனில் அழைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். குரல் மெலிந்திருந்தது.

"அவ ஏதும் மெசேஜ் போட்டாளா?"

"இல்ல சேர். நீங்க நிம்மதியா படுங்க."

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கடையை மூட எழுந்தபோது நப்லானின் போன் அடித்தது. லண்டன் இலக்கம். சிவதர்ஷினி அவனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நப்லான் நானா, அப்பாவுக்கு என்ன?"

அவன் பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தான். "சேர் நல்லா இருக்கார் தங்கச்சி. வீட்டுலதான் இருக்கார்."

"இல்ல நானா. மூணு நாளா காலையில எண்பதோட நிக்குது. அப்பா எந்தக் காலத்துல எண்பதுல கழட்டினார்? படுக்கப் போகும்போது சார்ஜ்ல குத்துவார், விடிஞ்சுதான் எடுப்பார். இப்படிப் பார்த்துப் பார்த்து எடுக்கிறது உங்களைத் தவிர வேற யாரு?"

நப்லான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். இனி மறைப்பதில் பயனில்லை. அடைப்பு, கம்பி, நேற்று நல்லபடியாக முடிந்தது, நாளை வீட்டுக்கு வருகிறார் என்று எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் மூச்சை இழுத்து விட்டது கேட்டது.

"தங்கச்சி, அழாதீங்க. வயித்துல புள்ள இருக்கு."

"அழல்ல நானா. படுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." "புதன்கிழமையே சந்தேகம் வந்திச்சு. ஆனா எண்பதைப் பார்த்ததும், நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு ஒரு தைரியம். அதான் ரெண்டு நாள் பொறுத்தேன்."

அவன் கடைச் சாவியை மேசையில் வைத்தான்.

"ஒரு உதவி நானா. எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நான் இங்க கிடந்து யோசிக்கிறேன்னு தெரிஞ்சா அவரால தாங்க முடியாது."

சனிக்கிழமை சேர் வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, ஊசி குத்திக் கன்றிப்போன மணிக்கட்டு தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நப்லான் போனைத் தேயிலை டின்னில் சாய்த்து வைத்தான்.

சிவதர்ஷினி சிரித்துக்கொண்டே வந்தாள். லண்டன் குளிரைப் பற்றிப் பேசினாள். பிள்ளை இரவெல்லாம் உதைக்கிறது என்றாள். இந்த வருடம் மிளகு எப்படி என்று கேட்டாள். சேர் உற்சாகமாகப் பதில் சொன்னார். ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.

"போனைக் கொஞ்சம் கிட்டப் பிடிங்க அப்பா," என்றாள்.

சேர் பிடித்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி அப்பா. வைக்கிறேன். வெயில்ல திரியாதீங்க."

திரை அணைந்ததும் சேர் கதிரையில் சாய்ந்து கண்களை மூடினார். முகத்தில் பெரிய நிம்மதி.

"பார்த்தீங்களா தம்பி, அவளுக்கு ஒண்ணுமே தெரியல்ல. தெரிஞ்சிருந்தா முகத்துல காட்டியிருப்பா. சின்ன வயசுல இருந்தே எதையும் மறைக்கத் தெரியாது அவளுக்கு."

"ஓம் சேர்," என்றான் நப்லான்.