கல்லுக்கு இந்தப் பக்கம்

முழங்கால் தண்ணீரில் குனிந்து கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லைக்கல். அடைத்துக்கிடக்கும் மதகைத் தாண்டி, தொழிற்சாலை மதிலை ஒட்டி அது இருந்துவிட வேண்டும். அவளுக்கு அது போதும்.

அங்கே இருந்தால் மதகு நகராட்சியுடையது. செய்தி அவளுடையது.

மதகுக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டால் மதகு தொழிற்சாலையுடையது. தொழிற்சாலையோ மத்திய அரசுடையது. அப்போது செய்தி டெல்லி அலுவலகத்துக்குப் போய்விடும். அவள் பத்திரிகையில் அதுதான் வழக்கம். பயிற்சி நிருபர் என்றால் உள்ளாட்சியோடு சரி.

மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்று வகுப்பில் வாரக்கணக்கில் நடத்தினார்கள். யாருக்கு என்ன அதிகாரம் என்பது மண்டையில் ஏறவே இல்லை. இந்தத் தெருவுக்கு வந்ததும் ஏறிவிட்டது.

காலையில் நகராட்சிப் பொறியாளரைக் கேட்டாள். அது எங்கள் லிமிட் இல்லை என்றார். தொழிற்சாலை வாசலில் இருந்த அதிகாரியும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் நல்ல மரியாதையாகச் சொன்னார்கள். தண்ணீர் மட்டும் யாருடைய லிமிட்டையும் கேட்காமல் லூர்து அக்காவின் அடுப்படி வரை போயிருந்தது.

தெருவின் கடைசி வீடு லூர்து அக்காவுடையது. பாய், அரிசிப் பானை எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு, கடப்பாரையோடு கூடவே இறங்கியிருந்தாள்.

லூர்து அக்கா கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்தாள். இவள் கையால் துழாவிக்கொண்டே தன் பெயரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞா. செம்மலர்.

முன்னால் நிற்கும் ‘ஞா’ அப்பாவின் எழுத்து இல்லை. அம்மா ஞானசௌந்தரியின் எழுத்து. தனியாளாக நின்று வளர்த்தாள் என்பதற்காக மகளே விரும்பிப் போட்டுக்கொண்டது.

மகள் வேலையில் சேர்ந்ததிலிருந்து அம்மா தினமும் டீக்கடைக்குப் போகிறாள். ஆம்பளைகளுக்கு நடுவே நின்றபடியே பேப்பரைப் புரட்டுகிறாள். இதுவரை வந்ததெல்லாம் ‘நமது நிருபர்’தான். அது நீதானே என்று போனில் கேட்பாள். நான்தான் என்பாள் இவள். இருந்தாலும் பேர் போட்டால் நன்றாக இருக்கும் என்று இழுப்பாள் அம்மா.

அந்த ஒற்றை எழுத்தை அச்சில் பார்க்க இவளுக்கும் அவ்வளவு ஆசை.

கடப்பாரை ணங்கென்றது.

மதகுக்கு இந்தப் பக்கம்.

செம்மலர் சேற்றை வழித்துப் பார்த்தாள். கல்லில் தொழிற்சாலையின் முத்திரை தெளிவாகவே இருந்தது.

“யாருது? முனிசிபாலிட்டியா, அவங்களா?”

கடப்பாரையை ஊன்றியபடி கேட்டாள் லூர்து அக்கா.

காலால் கொஞ்சம் சேற்றைத் தள்ளினால் போதும். கல் மறுபடி மூடிக்கொள்ளும். நகராட்சியின் அலட்சியம் என்று எழுதலாம். நாளைக்கே பெயரோடு வரும். மறுநாள் நகராட்சி மறுப்புக் கொடுக்கும். தண்ணீர் அடுப்படியிலேயே கிடக்கும்.

“அவங்களுதுக்கா.”

கல்லைப் படம் எடுத்தாள். கரையேறி டெல்லிக்குப் போன் போட்டு, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நல்ல செய்தி என்றார் அங்கே இருந்தவர். அமைச்சகத்தில் விசாரித்து நாளைக்கே போட்டுவிடலாம் என்றார். பெயர் பற்றிப் பேச்சே வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

லூர்து அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகப் பேப்பர் வாங்கப்போவதாகச் சொன்னாள்.

“உன் பேரு என்ன பாப்பா? தேடிப் பாக்கணுமில்ல.”

‘டெல்லி நிருபர்’ என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“ஞா. செம்மலர்.”

மறந்துவிடக் கூடாதென்று லூர்து அக்கா அதைச் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எழுத்தையும் சேர்த்து.