ஏழாம் ராசிக்காரி

“என் மகளை என்கிட்ட இருந்து பிரிச்சவளே நீதான்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா?”

அவள் போட்ட சத்தத்தில், கீழ்த்தளத்துப் பல் மருத்துவரின் துளைக்கருவிகூட ஒரு கணம் ஓய்ந்ததுபோல் இருந்தது. எதிர் நாற்காலியில் இருந்த பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இமை கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லது. இன்னும் உள்ளே இருக்கு, வரட்டும்,” என்றாள் ஆலோசகி.

எதிரெதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஆலோசகியின் முறை அப்படி. பன்னிரண்டு ராசிகளையும் வட்டமாக வைத்தால், அவரவருக்கு நேர் எதிரே நிற்பது ஏழாம் ராசி. நமக்கு ஆகாதென்று நாம் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிய குணமெல்லாம் அங்கே போய்க் குடியிருக்கும் என்பாள். ஆகவே எதிர்ராசிக்காரர் ஒருவரை முன்னால் உட்காரவைத்து, நாம் வெறுக்கும் ஆளாகவே அவரை எண்ணி வைது தீர்க்க வேண்டும். ஊர், பேர், தொழில் எதையும் வெளியிடக் கூடாது. இங்கே அவள் கன்னி. எதிரே இருப்பவள் மீனம். அவ்வளவே.

கன்னிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் அவள். தையல்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மகள் சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாமியார் வீட்டுக்குப் போன நாளிலிருந்து, வீட்டில் பாத்திரங்கள்கூட அவளுக்குப் பயந்துதான் கிடந்தன.

“என் காது செவிடாகுறதுக்கு முன்னாடி அங்க போய்க் கத்தேன்,” என்று கணவர்தான் அவளை இங்கே அனுப்பத் தொடங்கினார். இதுவரை வெறும் நாற்காலியைப் பார்த்துத்தான் கத்தினாள். எதிரே ஆள் இருப்பது இதுவே முதல் தடவை. “இன்னைக்கு மட்டும் மட்டம் போட்டுடாதே” என்று கணவர் காலையில் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்.

மகளுக்கு இது நிறைமாதம். அவளுடைய அழைப்பு வராதபடி கைபேசியில் தடுத்து வைத்தாகிவிட்டது. பிரசவ அறை வாசலில் போய் நிற்பதா இல்லையா என்பது ஒன்றுதான் மிச்சம். நிற்பதில்லை என்று அவள் முடிவும் கட்டிவிட்டாள்.

“உன் வீட்ல ஒரு ஒழுங்கு உண்டா? ஒரு நேரங்காலம் உண்டா? யார் வந்தாலும் வா வான்னு உட்கார வைக்கிற சத்திரம்! அதுல என் பொண்ணு! நான் எப்படி வளர்த்தேன் தெரியுமா? துண்டை மடிச்சா ஓரத்தோட ஓரம் சேரணும். அப்படி வளர்த்தேன்!”

“துண்டை வளர்த்தீங்க. பொண்ணை யாரு வளர்த்தா?” என்றாள் மீனம்.

கன்னி ஆலோசகியின் பக்கம் திரும்பினாள். “இவங்க பேசலாமா? சும்மா உட்காருவாங்கன்னுதானே சொன்னீங்க?”

“பேசலாம். இப்போதைக்கு அவங்கதான் அந்த மாமியார்.”

“பேசட்டும்! நான் பண்ணின தப்பு என்னன்னு சொல்லட்டும்!”

மீனத்தின் குரலும் ஏறியது. “ஒரு நூல் பிரிஞ்சதுக்கு மொத்தச் சட்டையையும் கழிச்சுப் போட்டுட்டீங்க. அதான் தப்பு. பெத்த பொண்ணுங்க அது! இடுப்பு வலிச்சா அம்மான்னுதான் முனகுது. நான் ஓடிப்போய் நின்னா, உங்களையா கூப்பிட்டேன்னு பார்க்குது. எனக்கு எப்படி இருக்கும்?”

“நடிப்பைப் பாரு!” கன்னி பல்லைக் கடித்தாள். “நாடகத்துல இருந்து ஆள் பிடிச்சிட்டு வந்தீங்களா?”

“நாற்காலி மாறுங்க,” என்றாள் ஆலோசகி. “இனி நீங்கதான் அந்த மாமியார்.”

“அவளா நான் பேசணுமா? என் நாக்கு அழுகிடும்.”

“உட்காருங்க. வரும்.”

மீனம் இருந்த நாற்காலியில் சூடு இன்னும் ஆறவில்லை. அதில் உட்கார்ந்து, அந்த மாமியாரைக் கேலி செய்வதற்காகத்தான் கன்னி வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

“அழுதுக்கிட்டு வந்து நின்னா. கையில ஒரு பைகூட இல்ல. கதவைத் திறந்தேன். கணக்குப் பார்த்தா திறக்கிறது? உனக்குத் திறக்கத் தெரியலைன்னா என்மேல ஏன் எரிஞ்சு விழுற?”

சொன்ன பிறகுதான், அதை யாரைப் பார்த்துச் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. எதிரே, அவளுடைய நாற்காலியில், அவளைப் போலவே முதுகை விறைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது; ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. இத்தனை வருடமும் மகள் சாப்பாட்டு மேசையில் பார்த்துக்கொண்டிருந்தது இந்த முகத்தைத்தான்.

“போதும், முடிஞ்சுது,” என்று ஆலோசகி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். “இனிமே நீங்க கன்னியும் இல்ல, அவங்க மீனமும் இல்ல. யாரும் யாராவும் நடிக்க வேணாம்.”

கோபம் மட்டும் முடியவில்லை. அது யார்மேல் என்பது தெரியாமல் போனதில் இரண்டு மடங்காகியிருந்தது.

“யாருங்க நீங்க?” என்று அவள் பாய்ந்தாள். “எங்க வீட்டு விஷயத்துல உங்களுக்கு என்ன இவ்வளவு ரோஷம்?”

அந்தப் பெண் விறைப்பை விட்டு எழுந்தாள். கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கதவருகே கிடந்த செருப்புகளைக் காட்டினாள்.

“போட்டுக்கிட்டுக் கிளம்புங்க சம்பந்தி, விடியக்காலையில நமக்குப் பேத்தி பொறந்துட்டா.”