முள் நிற்க வேண்டிய பத்து நிமிடம்

"மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு இரு. கண்ண எடுக்காத," என்று சொல்லிவிட்டு ரைலா லாரிக்கு அடியில் சறுக்கிப் போனாள்.

மேலே டிரைவர் சீட்டில் இல்மாரி. "முள்ளு பத்துல நிக்குது," என்றான்.

எஞ்சினை நிறுத்தியாயிற்று. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கையும் விடுவித்தாயிற்று. இனிப் பத்து நிமிடம், பிரேக்குக்காக டேங்கில் அடைத்த காற்றின் அழுத்தம் இறங்காமல் அப்படியே நிற்க வேண்டும். நின்றால் வண்டி கிளம்பலாம்.

வண்டி கிளம்பினால் இல்மாரியும் கிளம்பிவிடுவான். இன்று போனால் திரும்பி வரமாட்டான். மரக் கம்பெனி அவனைப் பின்லாந்தின் தென்கோடிக்கு, கோத்கா துறைமுகத்துக்கு மாற்றிவிட்டது. பதினொரு வருடமாக வண்டிக்கு எது வந்தாலும் நுர்மெஸ் ஊரில் ரைலாவின் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வருவான். வேறு மெக்கானிக்கே கிடையாது என்பது போல வருவான்.

காலையில் வந்ததும் ஏர் லீக் என்றான். "ராத்திரி நிறுத்துனா காலைல டேங்க் காலி. பல்லு போன கிழவன் விசிலடிக்கிற மாதிரி எங்கயோ ஒரு சத்தம்."

ரைலா ரேடியோவை அணைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டே போனாள். மூன்றாவது டேங்குக்குப் பின்னால், டியூப் வளையும் இடத்தில் நுரை பொங்கியது. மயிரிழை விரிசல்.

இருபது நிமிட வேலை. அவள் அதை இரண்டு மணி நேரம் செய்தாள். அதற்கு மேல் இழுக்க ஒரு டியூபில் என்ன இருக்கிறது?

நடுவில் காபி குடித்தார்கள். அவன் ஏலக்காய் பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ரைலா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு..." என்று ஆரம்பித்தான். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"...குளிர்கால டயர இப்பவே மாட்டிடலாமா?" என்று முடித்தான்.

மாட்டு என்றாள். வேறென்ன சொல்வாள்? அவள் மட்டும் என்ன, பதினொரு வருடத்தில் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னவளா? ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே இருவரும் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

"பத்து," என்றது மேலே குரல்.

ரைலா மூச்சை அடக்கிக் கேட்டாள். எங்கும் ஒரு சத்தம் இல்லை. கை வஞ்சகமில்லாமல் வேலை செய்திருந்தது.

முதல்முறையாகத் தன் கையின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நட்டையாவது அரைச் சுற்று முறுக்காமல் விட்டிருக்கக் கூடாதா? போகாதே என்று சொல்ல அவளுக்குத்தான் வாயில்லை. இந்த வண்டியாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?

"ஒம்பதே முக்கால்."

ரைலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னது? நல்லாப் பாத்தியா?"

"ஒம்பதே முக்கால்தான்."

சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. எதை விட்டோம்? விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். விரலை நனைத்து டியூப் நெடுக நகர்த்தினாள். எங்கும் காற்று படவில்லை.

"ஒம்பதரை."

லீக் என்றால் முள் இப்படி இறங்காது. தெரியாமல் நழுவிக்கொண்டே இருக்கும். இது படி இறங்குவது போல, ஒன்று இறங்கி, நின்று, அப்புறம் இன்னொன்று இறங்குகிறது.

அப்போதுதான் பார்த்தாள். முகத்துக்கு ஒரு முழம் மேலே, பின்சக்கரத்தின் பிரேக் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு உள்ளே போனது.

அந்தத் தண்டு தானாக அசையாது. மேலே பிரேக்கை மிதித்தால்தான் அசையும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் இருக்கும் காற்று கொஞ்சம் செலவாகும்.

கால எடுய்யா என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். முப்பது வருடம் லாரி ஓட்டியவன் இல்மாரி. இந்த நேரத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது என்று அவனுக்கா தெரியாது?

வெறுமனே முள் இறங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அடியில் கிடப்பவளுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அவனுக்குப் பொய் சொல்ல வராது. நிற்கிற முள்ளை இறங்கிவிட்டது என்று சொல்ல நாக்கு எழாது.

அதனால் இறக்கிவிட்டுச் சொல்கிறான்.

 ரைலா கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டது.

"இல்மாரி."

"ம்."

"ஒம்பதுக்குக் கீழ போச்சுன்னா இன்னிக்கு வண்டிய விடமாட்டேன். நீ எங்க வீட்லதான் தங்கணும். நல்லாப் பாத்துச் சொல்லு."

 அவள் தண்டையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அது அசையவில்லை.

பிறகு வெளியே வந்தது, இந்த முறை முழுசாக. உள்ளே போனது. மறுபடி வந்தது. மறுபடி.

"எட்டே முக்கால்," என்றான் இல்மாரி.