நாற்காலிக்கு ஒரு கால்

நாற்காலி ஒரு காலை விரும்புகிறதாம்.

அவர் அந்த வரியை மறுபடி வாசித்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் நாவல். மூலையில் கிடக்கும் நாற்காலியைக் காட்டி ஒரு கிழவர் சொல்கிறார்: அது ஒரு காலை 'வாண்ட்' பண்ணுகிறது.

முப்பது வருஷம் மிளகாய் வத்தல் மண்டியில் உட்கார்ந்தவருக்கு வாண்ட் தெரியாதா? யாருக்கு எது வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நாற்காலியின் முகத்தை மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

புத்தகம் அவர் மனைவியுடையது. முதல் பக்கத்தில் செண்பகக்கனி என்று பொடியாக எழுதியிருந்தாள். கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். ஆறு மாதமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இங்கே வேலை பார்த்த கல்லூரியை நடத்துகிறவர்களுக்கு அங்கேயும் ஒரு கல்லூரி.

அலமாரியில் அவளுடையது என்று கடைசியாக நின்றது இந்தப் புத்தகம்தான். போன வாரம் இதையும் கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டாள்.

புத்தகத்தை மண்டிக்கே எடுத்து வந்து, உறை வாங்கியாயிற்று. விலாசமும் எழுதியாயிற்று. ஒட்டுவதற்கு முன் சும்மா பிரித்தார். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பிப் பழக்கமில்லை.

அங்கேயே இருந்துவிடுவதா, விருதுநகருக்கே திரும்புவதா என்று இன்று பன்னிரண்டு மணிக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு கடிதமும் பையில் தயாராக இருக்கின்றன என்று நேற்றுச் சொன்னாள். எதைக் கொடுப்பாள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது மணி பத்தரை.

புறப்படும் முன் ஒரே ஒரு தடவை கேட்டாள். பெட்டியைப் பூட்டி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டாள். நான் இங்கே இருப்பது உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

உன் இஷ்டம் என்றார்.

வேண்டும் என்பது அவர் வாயில் வராத சொல். மண்டியில் உட்கார்ந்த முதல் நாளே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஆசையை முகத்தில் காட்டினவன் தொலைந்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது, மேலே முகம் கல்தூண் மாதிரி இருக்க வேண்டும். கிடைத்தாலும் சரி, போனாலும் சரி.

அவள் போனாள்.

டிவி ரிமோட் இப்போது முழுக்கத் தன் கையில்தான் என்று மண்டியில் பெருமையடித்தார். ஆறு மாதத்தில் ஒரு படம்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

நாற்காலிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் அவள் எழுத்து.

'அந்தக் காலத்து வாண்டில் ஆசை கிடையாது. குறைதான் உண்டு. நாற்காலிக்கு ஒரு கால் குறைகிறது.'

அட, இது நம்ம தராசு பேசுகிற பாஷையாச்சே என்று நினைத்துக்கொண்டார்.

புரட்டினார். வாண்ட் வந்த இடமெல்லாம் பென்சில். சட்டைக்குப் பொத்தான் குறைகிறது. அறைக்கு வெளிச்சம் குறைகிறது. குதிரைக்கு ஒரு லாடம். உலகத்தையே கட்டி ஆண்ட வெள்ளைக்காரனுக்கு வீட்டுக்குள் எத்தனை குறை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பென்சில் அழுந்தியிருந்தது. வெளியூர் போன தங்கைக்கு அண்ணன் ஒருவன் கடிதம் எழுதுகிறான். நேற்றுச் சாப்பாட்டில் உன்னை வாண்ட் பண்ணினோம்.

ஓரத்தில் அவள்: 'நீ இல்லாமல் குறைந்தது என்கிறான். வா என்று கூப்பிடவில்லை. ஆனாலும் அவள் அடுத்த வண்டியில் வந்துவிடுகிறாள்.'

அதற்குக் கீழே, வேறொரு நாள் எழுதியது போல, மங்கலாக:

'நம் வீட்டில் இதையாவது சொல்லலாம்.'

மண்டியில் கண் கலங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வத்தல் நெடி.

தரகர் தங்கப்பழம் வந்து உட்கார்ந்தார். துண்டை விரித்தார். இருவர் கைகளும் துண்டுக்கடியில் போயின. விரல் பிடித்த நேரத்தில் போன் அடித்தது.

அவள்தான்.

புத்தகத்தை அனுப்பியாயிற்றா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். சரி என்றாள். அவளுக்குப் பின்னால் கல்லூரி மணி அடித்து ஓய்ந்தது.

"உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

போனை வைக்கும் முன் எப்போதும் கேட்கிற கேள்வி. அதற்கு எப்போதும் ஒரே பதில்தான்.

"ஒண்ணும் வேண்டாம்."

அவள் மூச்சை விடுவது கேட்டது.

"இங்க ஒண்ணு குறையுது," என்றார்.

தங்கப்பழம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த மூட்டையில அண்ணாச்சி?"

அவர் காதில் அது விழவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்து ஐம்பதைத் தாண்டியது.

பிறகு, ரொம்பத் தணிந்த குரலில்:

"எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?"

சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் அதுக்கு மேல படிக்காதீங்க."

வைத்துவிட்டாள்.

தங்கப்பழம் துண்டுக்குள்ளிருந்து கையை உருவி உதறிக்கொண்டார். இத்தனை வருஷத் தரகில் இப்படி ஒரு பிடி பிடித்து யாரும் விலை சொன்னதில்லை, இது எத்தனை ரூபாய் என்று தனக்கு விளங்கவில்லை என்றார்.

அவர் புத்தகத்தை மூடினார்.

விரல் மட்டும் உள்ளேயே இருந்தது.