டேப்பட் சத்தம்

1988 மார்ச் ஆறாம் தேதி, கோவில்பட்டியில் தட்சிணாமூர்த்தி தன் கார் எஞ்சினில் டக்டக்கென்று அடிக்கும் டேப்பட்டைச் சரிசெய்ய மெக்கானிக் காஜாவை வீட்டுக்கே வரவழைத்தார்.

தெருமுனையில் அந்தக் காரின் டக்டக் சத்தம் கேட்டதும், அவர் மனைவி செண்பகவல்லி, அவர் இல்லாத நேரம் வந்துபோகும் தன் தங்கையைக் கொல்லை வழியாக அனுப்பிவிடுவாள். சாதி மாறிக் கட்டிக்கொண்டவள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

காஜா மெல்லிய தகட்டை வால்வின் இடைவெளியில் நுழைத்துப் பார்த்து, திருகை முடுக்கினார்.

"அண்ணே, கொஞ்சம் சத்தம் இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் காபி கொண்டுவந்த செண்பகவல்லி.

"வேலை தெரியாதவன்னு எம்பேருல்லாம்மா கெடும்?"

"மெக்கானிக்குக்கே பாடம் நடத்துதியாக்கும்," என்று தட்சிணாமூர்த்தி சிரித்தார்.

புதன்கிழமை மத்தியானம், தங்கை பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது, தட்சிணாமூர்த்தி அடுக்களை வாசலில் வந்து நின்றார்.