ஒரு நம்பர், ஒரு ஆள்

"போன் நம்பரே போதும்மா. எதுக்கு வீணா இன்னொரு எண்?" என்றார் மேலாளர்.

ரத்த வங்கிக்குப் புது மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. பழைய பட்டியலை ஏற்றியாகிவிட்டது. கொடையாளர்களைக் குழப்பமில்லாமல் பிரித்துக் காட்டும் அடையாளமாக, அதாவது பிரைமரி கீயாக, எதை வைப்பது என்பதில்தான் காலையிலிருந்து இழுபறி. ஆளிடம் ஏற்கெனவே இருக்கும் போன் நம்பர் என்றார் அவர். கணினி தானாகவே கொடுக்கும் ஒரு தனி எண் என்றாள் புரோகிராமர். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இவ்வளவு பிடிவாதம்.

"நம்பர் கைமாறும் சார். கொஞ்ச நாள் சும்மா கிடந்தா கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துடுவான். ஓ நெகட்டிவ்னு நம்பிக் கூப்பிட்டா, எடுக்கறவர் வேற குரூப்பா இருப்பார். அங்க ஒரு உயிர் காத்துக்கிட்டிருக்கும்."

"லட்சத்துல ஒண்ணு அப்படி நடக்கும். அதுக்குப்போய் ஊரைக் கூட்டறியே. என் நம்பரையே போட்டுப் பாரு. வேற யார் பதிவாவது வருதான்னு பாப்போம்."

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

"வேற நம்பர் போடலாமே சார்."

"சொன்னதைச் செய்ம்மா."

போட்டாள். திரையில் யாரோ ஓர் ஆணின் பெயர் வந்தது. ஓ நெகட்டிவ். பலமுறை ரத்தம் கொடுத்தவர். கீழே 'காலமானார்' என்றிருந்தது.

மேலாளருக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது. அந்த நம்பரை அவர் வாங்கியதே போன வருடம்தான். ஆனாலும் சின்னப் பெண்ணிடம் தோற்றுப்போக மனசு வரவில்லை.

"சரி, போய்ச் சேர்ந்தவருக்கு எதுக்குப் பதிவு? அழிச்சிட்டு என் பேரை ஏத்து. பிரச்சினை முடிஞ்சுது."

"அழிக்க மாட்டேன் சார்."

"அப்ப நாளைலேர்ந்து வேலைக்கு வராதே." அவர் குரல் உயர்ந்தது. "முன்னப்பின்ன தெரியாத ஆளுக்காக வேலையை விடுவியா? இவர் என்ன உனக்கு மாமனா, மச்சானா?"

"வீட்டுக்காரர் சார்."

அவள் தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க நம்பரை நான் இதுல புதுசா ஏத்தவே இல்ல சார். நீங்க கூப்பிடறப்போ எல்லாம், இன்னும் அவர் பேருதான் வருது."